பழைய பிக்கப்பில் கரண்ட் மொத்தமாகப் போனால் எங்கே தொடங்குவது

ஓடிக்கொண்டிருந்த பிக்கப் நடுவழியில் நிற்கிறது. டாஷ்போர்டில் ஒரு லைற்றும் இல்லை, திறப்பைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம்கூட வரவில்லை, ஹோர்னும் ஊமை. எங்கள் திருகோணமலைப் பக்கம் பலர் இந்த நேரத்தில் செய்கிற முதல் வேலை, புதுப் பற்றரி வாங்க ஆள் அனுப்புவது. பல நேரம் அதற்குப் பிறகு வாகனம் ஓடவும் செய்யும், ஏனென்றால் பற்றரி மாற்றும்போது டெர்மினலைக் கழற்றித் துடைத்து இறுக்கிப் பூட்டுகிறார்கள், பிழை அந்த இடத்தில்தான் இருந்திருக்கும். கொஞ்ச நாளில் அதே பிழை திரும்பி வரும்போது பற்றரிக் கடைக்காரருடன் சண்டை.

பற்றரி சாவதென்றால் பெரும்பாலும் சொல்லிக்கொண்டுதான் சாகும். காலையில் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றும், ஹெட்லைற் மஞ்சளாகும், நாலைந்து நாள் அப்படி ஓடிப் பிறகுதான் கை விடும். உள்ளே தகட்டு இணைப்பு உடைந்து ஒரேயடியாகப் போகிற பற்றரியும் உண்டு, ஆனால் அது அபூர்வம். நேற்றுவரை 'விர்' என்று ஸ்டார்ட் எடுத்த வாகனம் இன்று ஒரு நொடியில் இருண்டால், சந்தேகப்பட வேண்டியது பற்றரியிலிருந்து கரண்ட் போகிற வழியையும் அது திரும்பி வருகிற வழியையும்தான். எங்கள் ஊரில் அதிகம் திரும்பி வருகிற வழியை, அதாவது எர்த்தை. ஒரு சாமானும் வாங்குவதற்கு முன் கரண்ட் எந்த இடம் வரை வந்து நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். அதற்கு அரை மணி நேரம் போதும், பெரிய படிப்பும் தேவையில்லை.

இங்கே சொல்வது 1988 முதல் 1997 வரை வந்த டீசல் ஹைலக்ஸையும், அதே காலத்து நிசான், மிற்சுபிஷி, இசுசு பிக்கப்புகளையும் மனதில் வைத்துத்தான். எல்லாம் 12 வோல்ட், எல்லாவற்றிலும் வயரிங் எளிமையானது. கொமன் ரெயில் எஞ்சினும் கம்பியூட்டரும் உள்ள புது வாகனங்களுக்கு இதில் சொல்கிற சில குறுக்கு வழிகள் பொருந்தாது, கெடுத்தும் விடும்.

வீதியில் நின்றுவிட்டால்

முதலில் பிரேக். இந்த டீசல் எஞ்சின்களில், மிதியை இலகுவாக்குகிற பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தைக் கொடுப்பது ஒரு சின்னப் பம்ப், ஹைலக்ஸில் அது ஒல்டனேற்றரின் (எஞ்சின் ஓடும்போது பற்றரியை சார்ஜ் பண்ணுகிற சாமான்) பின்பக்கமே பூட்டியிருக்கும். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும், பூஸ்டரில் மிச்சமிருப்பது ஒன்றிரண்டு அமுக்கலுக்குத்தான் காணும். ஆகவே பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மிதியாக மிதித்து ஓரம் கட்டுங்கள். பவர் ஸ்டியரிங் என்றால் அதுவும் கல்லாகக் கனக்கும், பயப்படாமல் இரண்டு கையாலும் இழுங்கள், திரும்பும். ஹசார்ட் லைற் எரியாது, அதனால் பின்னால் முக்கோணம் வையுங்கள், இல்லாவிட்டால் குழையோடு ஒரு கொப்பை முறித்துப் போடுங்கள், எங்கள் வீதிகளில் அதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும்.

கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் இரவில் நின்றுவிட்டால் பொனற்றைத் திறக்க இறங்காதீர்கள். அது யானை கடக்கிற வீதி. உங்கள் வாகனத்தில் லைற்றும் இல்லை, ஹோர்னும் இல்லை. உள்ளேயே இருந்து, வருகிற லொறியையோ பஸ்ஸையோ மறித்து, ஒரு சந்திக்கோ பெற்றோல் செட்டுக்கோ இழுத்துப் போய் அங்கே பாருங்கள். கிண்ணியாப் பாலத்தில் நின்றாலும் அப்படித்தான், நாலு பேரைப் பிடித்துத் தள்ளியாவது கரைக்குக் கொண்டுவந்து விடுங்கள்.

பிளாஸ்ரிக் எரிந்த மணமோ புகையோ இருந்தால் வேறு ஒன்றும் யோசிக்காமல் பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். பெரும்பாலும் 10 இலக்க ஸ்பானர்தான், அதை டாஷ்போர்டுப் பெட்டிக்குள் நிரந்தரமாகப் போட்டு வையுங்கள். கழற்றும்போது எப்போதும் மைனஸ் முதலில், பூட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸ்ஸை முதலில் கழற்றப் போய் ஸ்பானரின் மறுமுனை பொடியில் முட்டினால், பற்றரியின் முழுப் பலமும் அந்த ஸ்பானர் வழியாகப் பாயும். கை வெந்துபோனவர்கள் இருக்கிறார்கள். மோதிரம், உலோகப் பட்டி மணிக்கூடு இருந்தால் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

திறப்பைத் தொடாமல் மூன்று சோதனை

ஹெட்லைற், ஹோர்ன், மேலே கூரையில் உள்ள சின்ன பல்பு. இந்த வயதுப் பிக்கப்புகள் அநேகமானவற்றில் இந்த மூன்றுக்கும் திறப்பு சுவிச் தேவையில்லை, அதனால் இவை நல்ல சாட்சிகள்.

மூன்றும் செத்திருந்தால் பிழை ஆரம்பத்திலேயே இருக்கிறது: பற்றரி, டெர்மினல், பிரதான ஃபியூசிபிள் லிங்க் (பற்றரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் மாதிரி வேலை செய்கிற வயர்), எர்த் வயர். மூன்றும் நன்றாக வேலை செய்து, டாஷ்போர்டும் எஞ்சினும் மட்டும் செத்திருந்தால் பற்றரியை விட்டுவிடுங்கள், அது நல்லாயிருக்கிறது. திறப்பு சுவிச்சுக்குப் போகிற வயர், அதன் ஃபியூஸ், சுவிச்சின் பின்பக்க சொக்கட், இவற்றில் ஒன்று. லைற் மங்கலாக எரிந்து, ஸ்டார்ட் அடிக்கிற நேரத்தில் முழுவதும் அணைந்து போனால், ஒன்றில் பற்றரி இறங்கியிருக்கிறது, அல்லது ஏதோ ஓர் இணைப்பு ஒன்றிரண்டு இழையில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றையும் ஞாபகப்படுத்திப் பாருங்கள்: எஞ்சின் நின்றது எப்போது? பற்றரி டெர்மினல் மட்டும் கழன்றிருந்தால், ஓடுகிற எஞ்சின் பொதுவாக உடனே நிற்காது, ஒல்டனேற்றர் தருகிற கரண்டில் சமாளித்துக்கொண்டு ஓடும், நீங்களாக நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் எடுக்கப் பார்க்கும்போதுதான் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சினும் லைற்றும் சேர்ந்து போனால், பற்றரிக்கும் ஒல்டனேற்றருக்கும் பொதுவான வழியில் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது ஒல்டனேற்றர் முன்பே சார்ஜ் தராமல் இருந்து இப்போது பற்றரிப் பக்கமும் கை விட்டிருக்கிறது. சார்ஜ் லைற் சில நாளாக மங்கலாக எரிந்ததா என்று யோசியுங்கள்.

என்ன கையில் இருக்க வேண்டும்

மல்டிமீற்றர் இருந்தால் நல்லது, மலிவானதே போதும். ஆனால் அதைவிட நான் நம்புவது ஒரு டெஸ்ட் பல்பை. பின் பிரேக் லைற்றுக்குப் போடுகிற 21 வாட்ஸ் பல்பு ஒன்றை ஹோல்டரோடு வாங்கி, இரண்டு முழ வயர் இரண்டு பூட்டி, நுனியில் கிளிப் போட்டால் சரி. காரணம் இதுதான்: நூறு இழையில் தொண்ணூற்றொன்பது அறுந்து ஒற்றை இழை மட்டும் மிச்சமிருக்கிற வயரில் மீற்றர் வைத்தால் 12 வோல்ட் என்றே காட்டும், ஏனென்றால் மீற்றர் கரண்ட் எடுப்பதே இல்லை என்று சொல்லலாம். பல்பு கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் எடுக்கும், மோசமான வயர் என்றால் மங்கிக் காட்டிக்கொடுக்கும். 'மீற்றரில் 12 காட்டுது அண்ணை, ஆனா ஒண்டும் வேலை செய்யேல்லை' என்று கராஜில் நின்று தலையைச் சொறிகிற பிரச்சினைக்குப் பாதிக் காரணம் இது.

இதோடு சாண்ட் பேப்பர், ஒரு நல்ல ஜம்பர் வயர் சோடி, இரண்டு மீற்றர் நீள வயர், மிச்ச ஃபியூஸ் சில, இன்சுலேஷன் டேப், ஒரு ரோச் லைற். அவ்வளவுதான்.

வழியைத் தேடுவது

பற்றரியின் இரண்டு ஈயத் தலைகளிலும் மீற்றரை வையுங்கள், வயர் கிளாம்பில் வைக்க வேண்டாம், ஈயத்திலேயே. நிறைந்த பற்றரி 12.6 வோல்ட் அளவு காட்டும், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் அநேகமாகக் காலி. 10.5 அளவில் நின்று, சார்ஜ் போட்டும் ஏறவில்லை என்றால் ஆறு செல்லில் ஒன்று செத்திருக்கிறது, அந்தப் பற்றரி இனி உதவாது. நல்ல வோல்ட் காட்டினாலும் ஸ்டார்ட்டர் சுற்றுகிற நேரத்தில் 9.6-க்குக் கீழே விழுந்தால் பற்றரியில் பலமில்லை.

பற்றரி சரி என்று தெரிந்ததா, ஹெட்லைற் சுவிச்சைப் போட்டு வையுங்கள். லைற் எரியாவிட்டாலும் பரவாயில்லை, கரண்ட் கேட்கிற ஒரு ஆள் வேண்டும், அதற்குத்தான். இப்போது டெஸ்ட் பல்பின் ஒரு நுனியைப் பற்றரியின் மைனஸ் ஈயத்தில் பூட்டிவிட்டு, மற்ற நுனியைப் பிளஸ் பக்கமாக ஒவ்வோர் இடமாக நகர்த்துங்கள். பிளஸ் ஈயம், அதன் மேல் கிளாம்ப், அந்த வயர் போய் முடிகிற இடம், ஃபியூசிபிள் லிங்குக்கு முன், அதற்குப் பின், ஃபியூஸ் பெட்டி. எந்த இடத்தில் பல்பு அணைகிறதோ அல்லது மங்குகிறதோ, பிழை அதற்கும் அதற்கு முந்திய இடத்துக்கும் நடுவில். ஈயத்தில் எரிந்து, ஒரு விரல் அகலம் தள்ளி கிளாம்பில் எரியாமல் விட்டால், வெளியில் எவ்வளவு இறுக்கமாகத் தெரிந்தாலும் உள்ளே பொருக்கு கட்டியிருக்கிறது. கழற்றிப் பார்த்தால் கிளாம்பின் உள்வட்டம் முழுவதும் கறுத்து, சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு இருக்கும். ஈயம் வெள்ளியாக மின்னும் வரை தேய்த்துப் பூட்டுங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் சுடுதண்ணீரில் அப்பச்சோடா கரைத்து ஊற்றுங்கள், நுரைத்து அடங்கும், பிறகு நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிட்டுப் பூட்டி, மேலே வாஸ்லின் தடவுங்கள். பற்றரித் தண்ணீர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் சிகரெட் வேண்டாம், சார்ஜ் ஆகிற பற்றரியிலிருந்து வருகிற வாயு வெடிக்கும்.

பிளஸ் பக்கம் முழுதும் எரிந்ததென்றால் இப்போது மாற்றிப் பிடியுங்கள். பல்பின் ஒரு நுனி பிளஸ் ஈயத்தில், மற்றது மைனஸ் ஈயம், கிளாம்ப், எஞ்சின் புளொக், பொடி, செசி (வாகனத்தின் அடிச்சட்டம்) என்று. இந்தச் சுற்றைத்தான் பலர் பார்ப்பதேயில்லை.

எர்த்: எங்கள் ஊரின் பெரிய நோய்

பற்றரி மைனஸிலிருந்து ஒரு தடித்த வயர் எஞ்சினுக்கும், மெல்லிய ஒன்று பொடிக்கும் போகும், எஞ்சினுக்கும் பொடிக்கும் நடுவில் பின்னல் பட்டி ஒன்றும் இருக்கும். வாகனத்தில் உள்ள ஒவ்வொரு பல்பின் கரண்டும் திரும்பி வருவது இவற்றின் வழியாகத்தான். கண்டியிலோ நுவரெலியாவிலோ ஓடுகிற வாகனத்தில் இவை நெடுங்காலம் நிற்கும். இங்கே உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று கடலை ஒட்டியே ஓடி, இரவும் கடற்காற்றில் நிற்கிற வாகனத்தில் அப்படியில்லை. மீன் ஏற்றுகிற பிக்கப் என்றால் சொல்லவே வேண்டாம். கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் ஏற்றிய பெட்டியிலிருந்து ஐஸ் உருகி உப்பும் இரத்தமுமாக வழிகிற தண்ணீர், பின் பெட்டியின் பலகை இடுக்கால் இறங்கி நேரே செசியில் விழுகிறது, அங்கேதான் பின் லைற்றுகளின் எர்த் போல்ட் இருக்கிறது. வள்ளம் இழுக்க மணலில் இறக்குகிற பிக்கப்பில் முன்பக்கமும் இதே கதி.

மோசம் என்னவென்றால் இந்த அரிப்பு வெளியே தெரியாது. வயரின் நுனியில் நசுக்கிப் பூட்டிய கண் பார்க்க நல்லாயிருக்கும், போல்டும் இறுக்கமாக இருக்கும். கண்ணுக்குப் பின்னால் ரப்பரை ஒரு அங்குலம் பிளேட்டால் கீறித் திறந்து பாருங்கள். நல்ல செம்பு சிவந்து பளபளக்கும். கெட்டது பச்சைப் பொடியாக உதிரும், அல்லது கறுத்துப்போய் மடக்கினால் ஈர்க்குப் போல ஒடியும். உப்பீரம் இழைகளுக்கு நடுவால் ஏறி வயருக்குள் வெகுதூரம் போயிருக்கும், அதனால் நுனியை மட்டும் வெட்டிப் புதுக் கண் போட்டால் காணாது, சிவந்த செம்பு வரும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். நீளம் காணாமல் போனால் முழு வயரையும் மாற்றுங்கள்.

எர்த்தா என்று உடனே தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. ஜம்பர் வயர் ஒன்றை எடுத்து ஒரு நுனியைப் பற்றரி மைனஸிலும் மறு நுனியை எஞ்சினில் பெயின்ற் இல்லாத ஒரு சுத்தமான போல்டிலும் பூட்டித் திறப்பைத் திருப்புங்கள். உயிர் வந்தால் முடிந்தது, பிழை எஞ்சின் எர்த்தில். வரவில்லையென்றால் அதே நுனியைப் பொடியில் சுரண்டிய இடத்தில் பூட்டிப் பாருங்கள். மீற்றரால் பார்ப்பதென்றால், ஒருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லிவிட்டு பற்றரி மைனஸ் ஈயத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவில் வோல்ட் பாருங்கள். 0.2-க்குள் இருந்தால் நல்லது, 0.5 தாண்டினால் அந்த வயரை அல்லது அதன் இணைப்பை நம்ப வேண்டாம்.

எர்த் முழுவதும் போவதற்கு முன் வாகனம் நிறைய அடையாளம் காட்டும். சிக்னல் போட்டால் பிரேக் லைற்றும் சேர்ந்து மின்னும், ஹெட்லைற் போட்டவுடன் டீசல் முள்ளோ சூட்டு முள்ளோ நகரும். இன்னொன்று கொஞ்சம் பயங்கரமானது: எஞ்சினின் எர்த் அறுந்திருக்கும்போது ஸ்டார்ட்டரின் கரண்ட் வேறு வழி தேடி அக்சிலேற்றர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும், அந்தக் கேபிள் சூடாகி உள்ளே உருகி இறுகிவிடலாம். ஸ்டார்ட் அடித்த பிறகு கேபிள் சுடுவதுபோல் தெரிந்தால் இனி ஸ்டார்ட் அடிக்காதீர்கள், முதலில் எர்த்.

பூட்டும்போது போல்ட் போகிற இடத்தில் பெயின்றையும் துருவையும் இரும்பு தெரியச் சுரண்டி, கண்ணை வைத்து இறுக்கி, அதற்குப் பிறகுதான் கிறீஸ் தடவ வேண்டும். முடிந்தால் பற்றரி மைனஸிலிருந்து செசிக்குப் புதுசாக ஒரு தடித்த வயர் கூடுதலாகப் போடுங்கள். கடலோரத்தில் ஓடுகிற எந்தப் பழைய பிக்கப்புக்கும் செலவழிக்கிற காசில் இதைவிடப் பயனுள்ள செலவு எனக்குத் தெரியாது.

ஃபியூசிபிள் லிங்க், ஃபியூஸ்

ஃபியூஸ் பெட்டியில் எல்லாம் நல்லாயிருக்கிறது, ஆனாலும் ஒன்றுமில்லை என்றால், பற்றரிப் பிளஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்தில் வித்தியாசமான சின்ன வயர் ஒன்று அல்லது இரண்டு மூன்று, சொக்கட்டோடு இருக்கும். அதுதான் ஃபியூசிபிள் லிங்க். பெரிய ஷோர்ட் வந்தால் மற்ற வயர்கள் எரியாமல் தான் எரிவதற்கென்றே வைத்தது. உள்ளே அறுந்தாலும் வெளித்தோல் எரியாத வகை என்பதால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல இழுங்கள், ரப்பர் மாதிரி நீண்டால் உள்ளே கம்பி இல்லை. சில நேரம் தோல் கொப்புளித்திருக்கும்.

அதற்குப் பதிலாகச் சும்மா வயரைப் போட்டு வீடு வர வேண்டாம், சிகரெட் பெட்டியின் ஈயக் கடதாசியை ஃபியூஸில் சுற்றவும் வேண்டாம். எரிய வேண்டியது எரியாவிட்டால் டாஷ்போர்டுக்குள்ளே உள்ள வயர்க்கட்டு எரியும், அதற்குப் பக்கத்தில் உங்கள் கால் இருக்கிறது. ஃபியூஸ்களைப் பொறுத்தவரை நிறத்தைப் பார்த்தே போடலாம்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. எடுத்த நிறத்தையே திருப்பிப் போடுங்கள்.

போடப் போட ஃபியூஸ் போகிறதென்றால் எங்கோ ஷோர்ட். ஃபியூஸை வீணாக்காமல், அந்த ஃபியூஸின் இரண்டு காலும் இருந்த இடத்தில் டெஸ்ட் பல்பின் இரண்டு நுனியையும் பூட்டுங்கள். அந்த ஃபியூஸில் ஓடுகிற சாமான்களையெல்லாம் நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஷோர்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், வேறொன்றும் எரியாது. இனி வயர்க்கட்டை ஒவ்வோர் இடமாக அசைத்துக்கொண்டு போங்கள், பல்பு அணைகிற இடம்தான் பிழை. பற்றரித் தட்டுக்குக் கீழே, செசி வழியாகப் பின்னுக்குப் போகிற வயர், மீன் பெட்டிக்கென்று பிறகு அடித்த சட்டத்தின் போல்ட் நசுக்குகிற இடம், இவற்றில் தொடங்குங்கள். அப்புறம், பிறகு பூட்டிய சாமான்கள்: ரேடியோ, எல்.ஈ.டி பார், பஸ் ஹோர்ன். இவற்றில் பல ஃபியூஸும் ரிலேயும் இல்லாமல் கிடைத்த வயரைச் சுரண்டி முறுக்கி டேப் சுற்றியிருக்கும். சந்தேகமென்றால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வாகனத்தோடு வந்த வயரிங்கை மட்டும் வைத்துப் பாருங்கள்.

திறப்பு சுவிச்

மூன்று சாட்சிகளும் உயிரோடு இருந்து டாஷ்போர்டு மட்டும் இருண்டால் ஸ்டியரிங்குக்குக் கீழ் மூடியைக் கழற்றுங்கள். திறப்புப் போகிற பூட்டு வேறு, அதன் பின்னால் இருக்கிற மின் சுவிச் வேறு, பழுதாவது இரண்டாவதுதான், அதை மட்டும் மாற்றலாம். திறப்பை 'ஒன்' இல் வைத்து மெல்ல ஆட்டினால் லைற் வந்து வந்து போகிறதா? சொக்கட்டைக் கழற்றிப் பாருங்கள், ஏதாவது ஒரு பின்னைச் சுற்றிப் பிளாஸ்ரிக் தவிட்டு நிறமாக வெந்திருந்தால் அந்தப் பின் தளர்ந்து சூடாகியிருக்கிறது. சுவிச்சை மட்டும் மாற்றி வெந்த சொக்கட்டை அப்படியே பூட்டினால் புதுச் சுவிச்சும் வேகும், இரண்டையும் மாற்ற வேண்டும்.

வீடு வந்து சேர

டீசல் எஞ்சினுக்குப் பற்றவைக்கக் கரண்ட் வேண்டாம். ஆனால் இந்தப் பழைய ஹைலக்ஸ்களில் டீசல் பம்பின் மேல் ஒரு சொலினொயிட் இருக்கிறது, ஒற்றை வயர் போகும். 12 வோல்ட் இருக்கும்வரைதான் அது டீசலைத் திறந்து வைத்திருக்கும், கரண்ட் போனால் மூடிக்கொள்ளும். நடுவழியில் எஞ்சின் நின்றதற்குக் காரணம் இதுவே. ஆகவே திறப்பு சுவிச்சோ அதன் வயரோ பிழை என்று தெரிந்து, பற்றரி நல்லாயிருந்தால், அந்த வயரைக் கழற்றிவிட்டு, பற்றரிப் பிளஸ்ஸிலிருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த தனி வயர் ஒன்றை நேரே சொலினொயிட்டுக்குக் கொடுங்கள். 'டிக்' என்று கேட்கும். ஸ்டார்ட்டர் வேலை செய்யாவிட்டால் தள்ளி, இரண்டாம் கியரில் விட்டால் பிடிக்கும்.

இனித் திறப்பை மூடினாலும் எஞ்சின் நிற்காது, நிறுத்துவதென்றால் அந்த வயரைக் கழற்ற வேண்டும். அதனால் அதைக் கைக்கு எட்டுகிற இடத்தில், சூட்டிலும் பெல்ற்றிலும் படாமல் கட்டுங்கள். லைற்றும் பிரேக் லைற்றும் இல்லாமல் போகிறீர்கள் என்றால் பகலில் மட்டும், மெதுவாக, பக்கத்துக் கராஜ் வரை. எல்லா டீசல் எஞ்சினும் இப்படியில்லை, சிலவற்றில் நிறுத்துவதற்குத்தான் கரண்ட் வேண்டும், அப்படியானால் இந்த வேலை தேவையேயில்லை. பம்பையே எலெக்ட்ரோனிக்காகக் கட்டுப்படுத்துகிற எஞ்சினில் தொடவும் வேண்டாம்.

ஒல்டனேற்றரைப் பற்றிக் கொஞ்சம்

எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். 12.5-இலேயே நின்றால் சார்ஜ் இல்லை, 15 தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேற்றர் போய்விட்டது, பல்புகளும் பற்றரியும் பின்னால் போகும். திறப்பை 'ஒன்' இல் வைக்கும்போது சார்ஜ் லைற் எரிகிறதா என்றும் பாருங்கள், அந்தச் சின்ன பல்பு போயிருந்தாலே சில ஒல்டனேற்றர்கள் சார்ஜ் தொடங்காது. ஒல்டனேற்றர் நல்லதா என்று பார்க்க ஓடுகிற எஞ்சினில் பற்றரி வயரைக் கழற்றுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது, தயவுசெய்து யாரையும் செய்ய விடாதீர்கள், அந்த ஒரு நொடியில் எழும்புகிற வோல்ட் நல்ல ஒல்டனேற்றரின் டயோடுகளைக் கொன்றுவிடும். பின்னால் உள்ள வெற்றிடப் பம்பின் சீல் கசிந்து ஒயில் உள்ளே போயிருந்தால் சார்ஜ் குறையும், பிரேக்கும் கனக்கும், இரண்டு முறைப்பாடும் ஒன்றாக வந்தால் அங்கே பாருங்கள். பெல்ற் அறுந்தால் இரண்டும் ஒரே நொடியில் போகும்.

வந்து வந்து போகிற பிழை என்றால் எந்த நேரம் வருகிறது என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள்: எஞ்சின் சூடானபின்னா, மழை நனைந்தபின்னா, பள்ளத்தில் விழுந்து எழும்பும்போதா. மாரியில் மட்டும் வருகிற பிழை சொக்கட்டிலும் எர்த்திலும் இருக்கும், அதை மாரிக்கு முன், செப்ரெம்பரிலேயே, எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துப் பூட்டித் தீர்த்துவிடலாம். மீன் இறக்கிய பிறகு பெட்டியை மட்டும் கழுவாமல் செசியின் மேலும் கிணற்றுத் தண்ணீர் அடித்துவிடுங்கள், கடல்தண்ணீரால் கழுவுகிற வழக்கத்தை விடுங்கள்.

வயரிங் பாஸிடம் கொண்டுபோவதென்றால் 'கரண்ட் இல்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். ஹெட்லைற், ஹோர்ன், கூரை பல்பு மூன்றில் எது வேலை செய்தது, பற்றரியில் எத்தனை வோல்ட், டெஸ்ட் பல்பு எந்த இடத்தில் அணைந்தது என்று சொல்லுங்கள். வயர்க்கட்டில் பல வயர்கள் சேர்ந்து உருகியிருந்தால் வழியில் பிரித்துப் பார்த்துப் பூட்ட வேண்டாம், மைனஸைக் கழற்றிய நிலையிலேயே இழுத்துப் போய்க் கொடுங்கள்.